விண்வெளிக்குச் சுற்றுலா: புகை யார் தலைமேல்?

2025 ஏப்ரல் 14ஆம் தேதி பாடகி கேத்தி பெர்ரியும் மேலும் ஐந்து பெண்களும் அமெரிக்காவின் மேற்கு டெக்சஸிலிருந்து ஒரு ராக்கெட்டில் ஏறினார்கள். 100 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு 11 நிமிடத்திற்குள் தரைக்குத் திரும்பிவிட்டார்கள். அன்று என் கைப்பேசிக்கு வந்த காணொளிகளில் பாதி அவர்களைப் புகழ்ந்தன, பாதி கேலி செய்தன. அணிந்திருந்த உடையைப் பற்றிக்கூட விவாதம் நடந்தது. மேலே விட்டுவிட்டு வந்தது என்ன என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

தானா ராத்தாவில் வளர்ந்த ஒரு மாணவிக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். தேயிலைச் சரிவுகளுக்கும் டெக்சஸ் பாலைநிலத்திற்கும் என்ன சம்பந்தம்? பதில் நம் பகாங் மாநிலத்திலேயே இருக்கிறது. பெக்கான் மாவட்டத்துக் கடலோர ஊரான நெனாசியில் ஓர் அனைத்துலக விண்வெளித் தளம் அமைக்க முடியுமா என்று ஆராய, 2025இல் பகாங் மாநில மேம்பாட்டுக் கழகமும் ஓர் உள்நாட்டு நிறுவனமும் சீனாவின் 'பெருஞ்சுவர்' விண்வெளி நிறுவனமும் கைகோத்தன. மலைமேல் இருக்கும் நாமும் கடலோரத்தில் இருக்கும் அவர்களும் ஒரே மாநில அரசின்கீழ் வாழ்கிறோம். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ராக்கெட்டுக்கு எதிரி அல்ல. 2007 அக்டோபர் 10ஆம் தேதி டத்தோ டாக்டர் ஷேக் முஸாபர் சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டதை நினைவுகூர எனக்கு வயது போதாது. ஆனால் ஆரம்பப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். 2009 ஜூலையில் நம் ரசாக்சாட் துணைக்கோள் பசிபிக் பெருங்கடலின் ஒமெலெக் தீவிலிருந்து ஏவப்பட்டது. மழை எங்கே பெய்யும், காடு எங்கே எரிகிறது, வெள்ளம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையெல்லாம் துணைக்கோள்கள்தாம் நமக்குச் சொல்கின்றன. அந்தப் புகைக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில நிமிட மிதப்புக்காக எழும் புகைக்கு என்ன காரணம் என்பதே என் கேள்வி.

ஷேக் முஸாபர் சுற்றுப்பயணியா என்ற வாதம் அப்போதே நம் நாட்டில் நடந்தது. ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய ஒப்பந்தத்தின் பகுதியாக அந்த இருக்கை கிடைத்தது. நாசா அவரை 'பயணத்தில் பங்கேற்பவர்' என்ற பிரிவில்தான் வைத்தது. 2001 ஏப்ரலில் ஏறக்குறைய 20 மில்லியன் டாலர் செலுத்தி முதல் விண்வெளிச் சுற்றுப்பயணியான டென்னிஸ் டிட்டோ போன்றவர்களையும் அதே பெயரில்தான் அழைத்தார்கள். நம் நாட்டவருக்கு அது உறுத்தியது, நியாயமாகவே. அவர் அங்கே புற்றுநோய் உயிரணுக்களையும் நுண்ணுயிர்களையும் வைத்து ஆய்வு செய்தார், ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அந்த வேறுபாட்டை அன்று நாம் வலியுறுத்தினோம் என்றால், இன்றும் அதையே அளவுகோலாகப் பிடித்துக்கொள்ளலாம்.

இனி புகைக்கு வருவோம். எல்லா ராக்கெட்டும் ஒரே எரிபொருளில் ஓடுவதில்லை. கேத்தி பெர்ரி போன நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிகின்றன, பெரும்பாலும் நீராவிதான் வெளிவருகிறது. 'வெறும் தண்ணீர்தானே' என்று அந்த நிறுவனத்தின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. உலகில் இன்று பயன்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. அதை எடுக்கும்போதே கரியமில வாயு வெளியாகிவிடுகிறது. மேலும் வறண்டு கிடக்கும் மேல் வளிமண்டலத்தில் நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுதான்.

2021 ஜூலை 11ஆம் தேதி ரிச்சர்ட் பிரான்சனும் ஆந்திராவில் பிறந்த சிரிஷா பண்ட்லாவும் பயணம் செய்த விர்ஜின் கேலக்டிக் விண்கலம் வேறு வகை. அதில் எரிந்தது ஒரு வகைச் செயற்கை ரப்பர், துணைக்கு நைட்ரஸ் ஆக்சைடு. ரப்பர் எரிந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பழைய டயரைக் கொளுத்திப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் எரிவது சுத்திகரித்த மண்ணெண்ணெய். மின்சாரம் வராத காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிய இடத்துக்கு மேலே கூரையில் கரி வட்டம் படிந்திருக்கும் என்று என் பாட்டி சொல்வார். வேதியியல் ஒன்றுதான், அளவுதான் வேறு.

இந்தக் கரித்துகள் எந்த உயரத்தில் விடப்படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் ஊரில் யாராவது காலையில் குப்பை கொளுத்தினால், மத்தியானம் இறங்கும் மழை அந்தப் புகையைக் கழுவிவிடும். தரைக்கு அருகே கரித்துகள் சில நாள்களோ சில வாரங்களோதான் தங்கும். நம் வெப்ப மண்டலத்தில் ஏறக்குறைய 16, 17 கிலோமீட்டருக்கு மேலே போனால் மழை கிடையாது. அங்கே விடப்பட்ட கரி ஆண்டுக் கணக்கில் மிதந்து, வெயிலை உறிஞ்சி, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். பயணிகள் விமானங்கள் அவ்வளவு உயரத்தில் பறப்பதில்லை. அந்த அடுக்கில் நேரடியாகக் கரியைக் கொண்டுபோய்க் கொட்டும் மனிதத் தயாரிப்பு ராக்கெட் ஒன்றுதான்.

2022இல் ராபர்ட் ரயன், எலோய்ஸ் மராய்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. தரையிலிருந்தும் விமானங்களிலிருந்தும் வரும் கரித்துகளைவிட, ராக்கெட் விடும் கரித்துகள் பூமியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 500 மடங்கு வலியது என்பது அவர்கள் முடிவு. விண்வெளிச் சுற்றுலா அன்றாடத் தொழிலாக வளர்ந்தால், மூன்றே ஆண்டுகளில் ராக்கெட் கரியால் வரும் வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டும் என்றும் அவர்கள் கணித்தார்கள். அதற்கு முன்பே, 2010இல் மார்ட்டின் ரோஸ் குழுவினர் ஆண்டுக்கு 1,000 சுற்றுலாப் பயணங்கள் நடந்தால் என்ன ஆகும் என்று கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். துருவப் பகுதிகளில் ஏறக்குறைய ஒரு பாகை வரை வெப்பம் கூடும், நம்மைப் போன்ற வெப்ப மண்டல நாடுகளுக்கு மேலே ஓசோன் ஒரு விழுக்காடு வரை குறையும் என்று அந்த மாதிரி காட்டியது. ஏவுவது எங்கோ ஓரிடத்தில், விளைவு இன்னோரிடத்தில்.

ஓசோன் என்றதும் இடைநிலைப்பள்ளிப் பாடநூலில் படித்த 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தம் நினைவுக்கு வரும். குளிர்பதனப் பெட்டி வாயுக்களைக் கட்டுப்படுத்தி உலகமே சேர்ந்து சாதித்த வெற்றி அது. தேர்வில் ஆறு மதிப்பெண் வாங்கித் தந்த பாடமும்கூட. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு ராக்கெட் புகையைத் தொடவில்லை. திரும்பி வரும் கலங்கள் காற்றில் உராய்ந்து கொதிக்கும்போதும் நைட்ரஜன் ஆக்சைடு உருவாகி ஓசோனை அரிக்கிறது. எரிந்து விழும் பழைய ராக்கெட் பாகங்களும் துணைக்கோள்களும் இல்லாமல் போய்விடுவதில்லை. மேல் வளிமண்டலத்துக் கந்தக அமிலத் துகள்களில் ஏறக்குறைய பத்து விழுக்காட்டில் அலுமினியமும் பிற விண்கல உலோகங்களும் கலந்திருப்பதை 2023இல் டேனியல் மர்ஃபி குழுவினர் விமானத்தில் பறந்து அளந்து கண்டுபிடித்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 2024இல் உலகம் முழுவதும் நடந்த ஏவுதல்கள் 250க்குச் சற்று மேல்தான், அவற்றிலும் பெரும்பாலானவை துணைக்கோளுக்கானவை. சுற்றுலாவுக்காகப் போனவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரே நாளில் ஒரு லட்சம் விமானங்கள் பறக்கும் உலகில் இதைப் பெரிதுபடுத்தலாமா? என்னுடன் படிக்கும் நண்பன் ஒருவன் இதையே சொல்லி என்னை மடக்கப் பார்த்தான். இன்றைய அளவில் அவன் சொல்வது சரிதான். ஆனால் இந்தத் தொழிலில் பணம் போடுபவர்கள் யாரும் இன்றைய அளவிலேயே நிற்பதற்காகப் போடுவதில்லை. விர்ஜின் கேலக்டிக் 2021இல் ஒரு டிக்கெட்டுக்கு 450,000 டாலர் கேட்டது. நம் பணத்தில் ஏறக்குறைய 1.8 மில்லியன் வெள்ளி. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சோமநாத், 2030 வாக்கில் ஆறு கோடி ரூபாய்க்கு இந்தியாவும் இந்தச் சேவையைத் தரலாம் என்று 2023இல் சொன்னார். கூட்டம் வந்த பிறகு விதி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் கேமரன் மலைக்காரர்களுக்குத் தெரியும்.

எவர் பங்கு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை ஒரு கணக்குத் தந்தது. மறைமுகச் செலவுகளையும் சேர்த்தால், 11 நிமிட விண்வெளிப் பயணத்தில் ஒரு பயணிக்கு விழும் கரிம உமிழ்வு குறைந்தது 75 டன். உலகின் மிக ஏழ்மையான நூறு கோடிப் பேர் ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் குறைவாகவே உமிழ்கிறார்கள். அதாவது அவர்களில் ஒருவர் பிறந்ததிலிருந்து இறக்கும்வரை விடுவதைவிட அதிகத்தை ஒரு செல்வந்தர் ஒரு காலைப்பொழுதில் விட்டுவிடுகிறார். நம்மையும் சேர்த்தே சொல்கிறேன்: சராசரி மலேசியர் ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டு டன் கரியமில வாயுவுக்குப் பொறுப்பு. நாம் யோக்கியர்கள் அல்லர். ஆனாலும் நம்முடைய ஒன்பது ஆண்டுக் கணக்கு அங்கே 11 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

நெனாசிக்கு வருவோம். அந்த இடம் ஏன் என்றால், அது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய மூன்று பாகை வடக்கே இருக்கிறது. பூமி சுழலும் வேகம் அங்கே மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் இனாமாகக் கிடைக்கும், எரிபொருள் மிச்சம். இது உண்மையான அனுகூலம், அதை மறுக்க முடியாது.

அடுத்து வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நெனாசியிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு இழுத்தால் முதலில் இந்தோனேசியாவின் அனம்பாஸ் தீவுகள் வரும். அதைத் தாண்டிக் கடல், அதன் பிறகு நம் சரவாக்கின் பிந்துலு வட்டாரம். தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28ஆம் தேதி புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் முக்கியக் காரணமே அங்கிருந்து தெற்கே திறந்த கடல் இருப்பதுதான். ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நம் வரைபடத்தில் அந்தத் திறந்த கடல் எந்தத் திசையில்? 2022 ஜூலை 30ஆம் தேதி இரவு கூச்சிங் வானில் ஒளிக்கீற்றாகச் சிதறி விழுந்தது ஒரு சீன லோங் மார்ச் 5பி ராக்கெட்டின் மிச்சம். பாகங்கள் சரவாக்கிலும் கலிமந்தானிலும் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அந்த மக்களுக்கு இது கற்பனைப் பயம் அல்ல.

எந்த எரிபொருள் என்பது இன்னொரு கேள்வி. 'பெருஞ்சுவர்' நிறுவனம் உலகச் சந்தையில் விற்பது லோங் மார்ச் வகை ராக்கெட்டுகளை. அவற்றில் பழைய வகைகள் ஹைட்ரசின் குடும்பத்து நச்சு எரிபொருளில் ஓடுகின்றன. சீனாவின் உள்நாட்டுக் கிராமங்களில் அவற்றின் பாகங்கள் விழுந்து செம்பழுப்புப் புகை எழும் காணொளிகளை நீங்களே பார்த்திருக்கலாம். புதிய வகைகள் மண்ணெண்ணெயிலும் திரவ ஆக்சிஜனிலும் ஓடுகின்றன. எது இங்கே வரும் என்பதைப் பொறுத்து நெனாசி மீனவரின் கடலும் வலையும் மாறும். 'விண்வெளித் தளம் நல்லதா கெட்டதா' என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, தொட்டியில் என்ன ஊற்றுவீர்கள் என்று கேட்பது பயனுள்ளது.

அந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. தென்கிழக்குப் பகாங்கில் இருப்பது தீபகற்பத்தின் மிகப் பெரிய கரிச்சேற்றுக் காட்டுப் பரப்பு. நெனாசி வனக்காப்பகமும் அதில் ஒன்று. ஜக்குன் பூர்வகுடி மக்கள் வாழும் காடு அது. கரிச்சேற்று நிலம் என்பது ஆயிரமாயிரம் ஆண்டு மக்காத இலையும் வேரும். ஒருமுறை பற்றினால் தீ மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். புகைமூட்டத்தால் பள்ளி மூடிய நாள்களை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 ஏப்ரல் 20ஆம் தேதி தென் டெக்சஸின் போக்கா சிக்காவில் ஸ்டார்ஷிப் ராக்கெட் முதன்முறை கிளம்பியபோது ஏவுதளத்தின் கான்கிரீட்டே பெயர்ந்து சிதறியது. தூசி பல கிலோமீட்டர் தாண்டி அடுத்த ஊரில் படிந்தது. அருகே பூங்கா நிலத்தில் மூன்றரை ஏக்கர் தீப்பிடித்தது. நிலவைச் சுற்றிவரும் சுற்றுலாவுக்குச் செல்வந்தர்கள் முன்பதிவு செய்த ராக்கெட் அதுதான். அங்கே எரிந்தது சாதாரண மண்மேல் முளைத்த புதர், ஆகவே தீ அடங்கிவிட்டது. அதே பொறி கரிச்சேற்றில் விழுந்தால்?

நெனாசியிலிருந்து விண்வெளிக்குச் சுற்றுப்பயணி போக இன்னும் எத்தனையோ காலம் ஆகலாம். ஆனால் அதற்கு முன்பே இன்னொரு வகைச் சுற்றுலா வந்துவிடும், அது ஏவுதலை வேடிக்கை பார்க்க வரும் கூட்டம். ஶ்ரீஹரிகோட்டாவில் 2019இல் 5,000 பேர் உட்கார்ந்து பார்க்க ஓர் அரங்கமே திறந்தார்கள். பக்கத்தில் பழவேற்காடு ஏரி. ஏவுதல் நாளில் அங்குள்ள மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. பார்வையாளருக்குத் திருநாள், வலைக்காரருக்கு வேலையில்லா நாள்.

கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஆய்வு வேண்டாம், பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வந்து பாருங்கள். 1885இல் வில்லியம் கேமரன் அளந்த மலை இது. 1929இல் தேயிலை வந்தது, அதோடு எங்கள் முன்னோர் வந்தார்கள். பிறகு காய்கறித் தோட்டம், ஸ்ட்ராபெரி, தங்கும் விடுதி, அடுக்குமாடி. ஒவ்வொன்றும் வேலை தந்தது, அதை மறைக்க மாட்டேன். என் கல்விச் செலவின் ஒரு பகுதியே சுற்றுப்பயணிக்குத் தேநீர் ஊற்றிய காசுதான். ஆனால் சரிவுகளை வெட்டிய மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பியது. நீர் நிற்க இடம் சுருங்கியது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், பெருமழையில் அணைநீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. மண்ணை வெட்டியவர் மேலே இருந்தார், வெள்ளம் வந்தது கீழே. கரித்துகளுக்கும் அதே நீதிதான் போலிருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. விண்வெளி நடவடிக்கைகளுக்கென்றே 2022இல் மலேசிய விண்வெளி வாரியச் சட்டமும் இயற்றப்பட்டது. நெனாசித் திட்டம் அடுத்த கட்டத்துக்குப் போகுமானால், ஏவுதள வளாகத்துக்கு மட்டுமின்றி, ஏவும் ராக்கெட்டின் புகைக்கும் பாதைக்கும் சேர்த்தே விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு நடக்க வேண்டும் என்று மாநில அரசை நான் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு எத்தனை ஏவுதல் என்ற வரம்பு அதில் எழுத்தில் இருக்க வேண்டும். துணைக்கோளுக்கு ஒரு விதி, உல்லாசப் பயணத்துக்கு வேறு விதி என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். உல்லாசப் பயணம் என்றால் அதன் உமிழ்வுக்கு ஏற்ற கட்டணம் டிக்கெட்டிலேயே இருக்கட்டும். 1.8 மில்லியன் கொடுப்பவருக்கு அது பாரமாக இராது. ஏவுதல் நாளில் கடலுக்குப் போக முடியாத மீனவருக்கு அன்றைய கூலி தருவதும் அதே கணக்கில் சேர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் படித்துச் சுற்றுச்சூழல் துறைக்கு எழுத்துமூலம் கருத்துச் சொல்லலாம். அவை மலாயிலும் ஆங்கிலத்திலும் கனத்த தொழில்நுட்ப மொழியில் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் எஸ்பிஎம் எழுதி, ஆங்கிலத்தில் பட்டப்படிப்பு படிக்கும் நமக்கு அது எட்டாத மொழி அல்ல. எரிபொருள், ஏவும் திசை, ஏவுதல் எண்ணிக்கை, கரிச்சேற்றுக் காட்டிலிருந்து தூரம் ஆகியவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தால், கருத்துக் கடிதத்தின் முதல் வரியாக அதையே எழுதுங்கள்.